குரலில் ஒட்டிய பிசிறு



முதலிபாளையத்தில் 'பிசிறு' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. தையல் முடிந்து வரும் பனியனில் தொங்கும் நூல் முனைகளைச் சிறு கத்தரியால் வெட்டிக் களைவது நம் சபையின் தாய்மார் பலருடைய அன்றாட உழைப்பு. அதே சொல் இசைக்கும் உரியது. பாடுகிறவரின் குரல் சற்றே உடைந்தால் 'பிசிறு தட்டுகிறது' என்கிறோம். ஆடையில் பிசிறு எடுப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: தொங்கும் நூலை வெட்டலாம், இழுக்கக் கூடாது. இழுத்தால் தையலும் கூடவே பிரிந்து வரும். குரலின்மேல் படிந்த பிசிறைக் களைவதற்கு மனிதர் நூறு ஆண்டுகளாக எடுத்துவந்த முயற்சியின் வரலாறே இவ்வாரக் கட்டுரை. அதாவது, பழைய இசைத்தட்டுகளைத் துடைக்கும் வரலாறு.

இந்தப் பொருளை நான் தேடிச் செல்லவில்லை. சிட்கோ தொழிற்பேட்டைக்கு அருகே குடியிருக்கும் குடும்பம் ஒன்று, வீடு மாற்றியபோது பரணிலிருந்து இறக்கிய இசைத்தட்டுப் பெட்டியைக் காட்டி, "ஐயா, ஒரே கரகரப்பாகக் கேட்கிறது, இதை எதைக் கொண்டு துடைப்பது?" என்று வினவியது. சிறிய கேள்விதான். அதற்கு விடை தேடிப் போன வழி லூக்கா 15ஆம் அதிகாரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எண்ணவில்லை.

துடைக்கும் முறை, தட்டு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. நம் பெரியோர் 'பிளேட்' என்று அழைத்த கறுப்புத் தட்டுகளில் இருவகை உண்டு. முந்தியவை நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. கைதவறினால் ஓட்டைப்போல உடைந்து சிதறுபவை. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள் அரக்கு. பாரதக் கதையின் அரக்கு மாளிகையில் கேள்விப்பட்ட அதே அரக்குதான். பலாசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் கிளைகளில் மொய்த்து வாழும் நுண்ணிய பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பழங்குடி மக்கள் கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்த அரக்கே உலகமெங்கும் இசைத்தட்டுகளாக உருமாறியது. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்றால் அன்று அதற்கிருந்த மதிப்பு விளங்கும்.

ஆனால் தட்டில் அரக்கு சிறுபங்குதான். பெரும்பங்கு கல்மாவு: சுண்ணாம்புக்கல், சிலேட்டுக்கல் ஆகியவற்றின் தூள். கறுப்பு நிறத்துக்கு விளக்குக்கரி. எளிதில் உடையாமலிருக்கக் கொஞ்சம் பஞ்சு இழைத்துகள். ஆம், நம் ஊர்க் காற்றில் மிதக்கும் அதே பொருள், தட்டுக்குள்ளேயே கலக்கப்பட்டிருந்தது. கல்மாவை ஏன் சேர்த்தார்கள்? அக்காலத்துக் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தோடு எஃகு ஊசியைத் தட்டின்மேல் அழுத்தியது. தட்டு மென்மையாக இருந்தால் ஊசி அதைக் கிழித்துவிடும். தட்டிலுள்ள கல்மாவு முதல் சில சுற்றுகளிலேயே ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குப் பொருந்தச் செய்தது. கத்தியைச் சாணையில் பிடிப்பதைப் போல. ஆகையால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று ஊசிப் பெட்டிகளில் அறிவுறுத்தினார்கள். ஆகையால்தான் புத்தம்புதுத் தட்டிலும் மெல்லிய 'உஸ்' என்னும் இரைச்சல் இருந்தது. அது அழுக்கன்று. கல்லும் எஃகும் உரசும் ஓசை அது, தட்டின் பிறவிக்குணம்.

இதன்மேல் வந்து சேர்ந்ததுதான் அழுக்கு. தேய்ந்த ஊசியின் இரும்புத்தூள், பெட்டியின் காகித உறையிலிருந்து உதிரும் துகள், விரல்பட்ட எண்ணெய்ப்பசை, மழைக்காலத்துப் பூஞ்சணம் ஆகிய யாவும் பள்ளத்துக்குள் அமர்ந்துவிடும். ஊசி அவற்றின்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டிக்', 'பட்' என்று கேட்கும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அகலமே உடையது. அதற்குள் ஒரு பஞ்சு இழை விழுந்தால் அது வாய்க்காலில் சாய்ந்த தென்னைமரம்தான். எனவே கிராமபோன் தோன்றிய காலத்திலிருந்தே துடைப்பானும் உடன்தோன்றியது. ஒட்டக மயிர்த் தூரிகைகளும், வட்டமான வெல்வெட் திண்டுகளும் விற்பனைக்கு வந்தன. மேலைநாடுகளில் கடைக்காரர்கள் தம் பெயரை அச்சிட்டு வாடிக்கையாளருக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் இந்த வணிகம் 1902இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாட்டைப் பதிவுசெய்தார். மெழுகுப் பதிவுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை அமைந்தது. பின்னர் அது டம்டம்முக்கு மாறியது. சென்னையில் பாடிய பாட்டு வங்காளத்தில் அச்சாகி, கொங்குநாட்டுச் சந்தைக்கு மீண்டும் தெற்கே பயணம் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும்; இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதிருங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. மர ஆசாரிமார் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுவதற்கு என்ன செய்கிறார்கள்? அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைக்கிறார்கள். அதே ஸ்பிரிட்டைத் தட்டின்மேல் ஊற்றினால், குரல் பதிந்த பள்ளத்தின் சுவரே கரைந்துவிடும். அழுக்குப் போகும், பாட்டும் போகும். ஊசி போடும்முன் தோலைத் துடைக்கும் திரவம், கைகழுவும் சானிடைசர், நகப்பூச்சு நீக்கும் திரவம் யாவற்றுக்கும் இது பொருந்தும். அரக்குத் தட்டுக்குச் சுத்தமான நீரும் மிக மென்மையான சோப்பின் ஒரு துளியும் போதும். அதுவும் நெடுநேரம் ஊறவிடலாகாது. சில தட்டுகளின் நடுவே காகிதமோ அட்டையோ உண்டு. விளிம்பு உடைந்திருந்தால் நீர் உள்ளே இறங்கிவிடும்.

இரண்டாம் வகைத் தட்டைப் போர் விரைவுபடுத்தியது. இரண்டாம் உலகப்போரில் அரக்கு கடல்கடந்து போவது கடினமாயிற்று. 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கு அரக்கைப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைத் திரட்டி உடைத்து மறுபடியும் அரைத்தார்கள். எத்தனை குரல்கள் அந்த அரவையில் போயினவோ! அதற்கிடையில் வினைல் என்னும் பிளாஸ்டிக் முன்னுக்கு வந்தது. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேரத் தட்டை அறிமுகப்படுத்தியது. இதில் கல்மாவு இல்லை. ஆதலால் பிறவி இரைச்சலும் மிகக் குறைவு. ஊசியின் பாரம் சில கிராமாகக் குறைந்தது. பள்ளமோ முன்னையதில் பாதியளவுகூட இல்லை. ஒரு பக்கத்துப் பள்ளத்தை நூல்போலப் பிரித்து நீட்டினால் 400 மீட்டருக்கும் மேல் போகும்.

புதிய தட்டு அமைதியானது. அந்த அமைதியே அதன் சோதனையுமாயிற்று. முன்பு இரைச்சலுக்குள் மறைந்துகிடந்த ஒரு துகளின் ஓசை இப்போது தனித்துக் கேட்டது. போதாக்குறைக்கு, வினைலைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். ஏறினால் தூசியைத் தானே இழுத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்கத் தூசி சேரும் விந்தையை இங்கே காண்கிறோம்.

பெட்டியில் இருப்பது எவ்வகை என்று ஆண்டைக் கொண்டு கணிக்க இயலாது. இந்தியாவில் 1960களின் பிற்பகுதியிலும் அரக்குத் தட்டுகள் அச்சாகின. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக வந்திருக்கின்றன. நடுவிலுள்ள சீட்டில் 78 என்றிருந்து, தட்டு கனமாகவும் சற்றும் வளையாததாகவும் இருந்தால் அதை அரக்கு என்றே கருதிக்கொள்வது பாதுகாப்பு.

வினைல் தட்டின் வரலாற்றில் நம் ஊழியத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. ஹோண்டுராசில் ஊழியம் செய்து, நோயுற்று லாஸ் ஏஞ்சல்சுக்குத் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் என்னும் சகோதரி, தாம் விட்டுவந்த மக்களுக்குத் தம் சத்தமாவது போய்ச் சேரட்டும் என்று ஸ்பானிய மொழியில் ஒரு செய்தியைத் தட்டில் பதிந்தார். அதிலிருந்து 1939இல் 'காஸ்பல் ரெக்கார்டிங்ஸ்' பிறந்தது. எழுத்தில்லாத மொழிகளைத் தேடிச் சென்று பதிவுசெய்வது அதன் பணியாயிற்று; இன்று அப்பதிவுகள் 6,000க்கும் மேற்பட்ட மொழிகளையும் கிளைமொழிகளையும் எட்டியிருக்கின்றன. அவர்களுடைய 'கார்டுடாக்' கருவியை நான் மிகவும் வியக்கிறேன். அது ஓர் அட்டை. மடித்து நிறுத்தினால் கிராமபோன். மின்சாரம் இல்லை, சாவி இல்லை. தட்டின் துளையில் ஒரு குச்சியையோ பென்சிலையோ வைத்துக் கையால் சுற்றினால், ஊசியின் அதிர்வு அட்டையில் ஏறிக் குரலாகக் கேட்கும். புழுதித் திண்ணையிலும் களத்துமேட்டிலும் சுழன்ற அத்தட்டுகளை யார் துடைத்திருப்பார்கள்? முந்தானையும் வேட்டி நுனியும்தான் துடைத்திருக்கும். கரகரப்போடு கேட்டார்கள், ஆனாலும் தங்கள் சொந்த மொழியைக் கேட்டார்கள்.

செல்வமும் கருவிகளும் உள்ள இடங்களில் துடைப்பது ஒரு நுண்கலையாகவே வளர்ந்தது. இங்கிலாந்தில் செசில் வாட்ஸ் என்பவர், தட்டு சுழலும்போதே ஊசிக்கு முன்னால் சென்று தூசியைத் திரட்டும் சிறு தூரிகையைப் பரப்பினார். 'தி கிராமபோன்' இதழின் தொழில்நுட்ப ஆசிரியராயிருந்த பெர்சி வில்சன் வேறுவிதமாகச் சிந்தித்தார். ஈரப்படுத்தினால் அழுக்குக் கரையும். ஆனால் நீர் காய்ந்தால் கரைந்த அழுக்கு மறுபடியும் பள்ளத்திலேயே படியும். எனவே நீரை உலரவிடாமல் உறிஞ்சியெடுக்க வேண்டும். அவருடைய முறையைக் கொண்டு கீத் மாங்க்ஸ் 1960களின் இறுதியில் ஓர் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிபிசி வானொலி அதைத் தொடக்கத்திலேயே வாங்கியது. அதன் நுட்பம் திருப்பூர்க்காரர்களுக்கு இனிக்கும். உறிஞ்சும் குழாயின் முனை தட்டில் நேரே பட்டால் கீறல் விழும். ஆகவே குழாய்முனைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு நைலான் நூல். அந்நூல் ஒரு சுருளிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்; அழுக்குப்பட்ட நூல் உள்ளே போக, புது நூல் தட்டைத் தொடும். அழுக்கான நூலால் அடுத்த பள்ளத்தைத் தொடுவதில்லை என்பது அதன் ஒழுங்கு.

நம் கைக்கு எட்டுவது எது? தென்னிந்தியா முழுவதும் பட்டறைகளில் எண்ணெய் துடைப்பதற்கு நம் ஊர்ப் பனியன் வேஸ்ட்டைத்தான் வாங்குகிறார்கள். ஆயினும் இசைத்தட்டுக்கு அது ஆகாது. வெட்டுண்ட விளிம்பிலிருந்து இழை உதிரும். எந்தப் பஞ்சை எடுக்கப் போனோமோ அதையே விட்டுவருவோம். பாலியஸ்டர் கலந்த துணியால் உலர்வாகத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரும் வேண்டாம். காய்ந்தபின் உப்பு பள்ளத்தில் நின்று புதிய இரைச்சலைத் தரும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. வினைல் தட்டுக்கு மென்மயிர்த் தூரிகையால் பள்ளம் சுழலும் திசையிலேயே வருடி, நடுச்சீட்டு நனையாமல் அலசி, நிறுத்திவைத்து உலர்த்த வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் டெர்ஜிட்டால் என்னும் அழுக்கு நீக்கியை மிகச் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரில் கலந்து பயன்படுத்துகிறார்கள். அடிப்படை ஒன்றுதான்: சிறிதளவு போடுவது, போட்டதை முற்றிலும் அலசி எடுப்பது.

இனி லூக்கா 15. இந்தியாவின் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் அரசு பதிவுசெய்த மொழித் தட்டுகளில் மீண்டும் மீண்டும் ஒரே கதை வருவதைக் கண்டேன். அது கெட்ட குமாரனின் உவமை. அயர்லாந்தில் பிறந்து வங்காளத்தில் அரசு அலுவலராயிருந்த ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன், 1894இல் இந்திய மொழிகளின் கணக்கெடுப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு மொழியிலும் ஒரே பகுதியைச் சொல்லச்செய்தால்தான் ஒப்பிட முடியும். அதற்கு அவர் தெரிந்துகொண்டது இந்த உவமையை. நற்செய்தி பரப்புவது அவர் நோக்கமன்று. நான், நீ, அவன் என்னும் மூவிடப் பெயர்களும், வேற்றுமைகளில் பெரும்பாலானவையும், முக்காலமும் இதில் வருகின்றன என்பதே அவர் சொன்ன காரணம். நம் நாட்டாரின் மனம் புண்படாதபடி சில சொற்களை மாற்றவும் செய்தார். கொழுத்த கன்றை நினைத்தால் காரணம் புரியும். இலக்கணத்துக்காகவே தெரியப்பட்ட கதை, எல்லா மதத்தாரின் வாயிலும், மலையிலும் சமவெளியிலும் சொல்லப்பட்டது. மிஷன் சங்கங்கள் எதுவும் திட்டமிட்டு இதைச் செய்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தில் மட்டும் நில்லாமல், 1913 முதல் 1929 வரை 200க்கும் மேற்பட்ட பதிவுகள் கிராமபோன் தட்டுகளில் ஏறின. கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தில் நடத்தப்படவில்லை. எனினும் ஒலிப்பதிவில் நம் மாகாணமும் பிற்பாடு சேர்ந்தது. தமிழும் பதிவாயிற்று, நீலகிரி மலைமக்களின் மொழிகளும் பதிவாயின. 22 வசனங்கள் கொண்ட இவ்வுவமையை நிதானமாகச் சொல்ல ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். ஓர் அரக்குத் தட்டின் ஒரு பக்கமும் அவ்வளவே பிடிக்கும்.

தட்டுகளின் படிகள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தின் வழியாக இன்று யாரும் கேட்கலாம். கேட்டுப்பாருங்கள். முதலில் வருவது குரலன்று; கல்லில் ஊசி ஓடும் இரைச்சல். அடைமழை பெய்யும் வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் பேசுவதுபோல, அதற்கப்பால் ஒரு மனிதர் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். முதல் அரை நிமிடம் மழை. பிறகு மெல்ல மெல்ல மனிதர்.

அந்த மழையை ஏன் நீக்கிவிடவில்லை என்று கேட்கத் தோன்றும். இன்றைய கணினியில் ஒரு பொத்தான் போதும். ஆனால் ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் பல்லிடுக்கில் காற்று உரசி எழுபவை; கல்லும் ஊசியும் உரசும் ஓசை வாழும் அதே உயர்ந்த அதிர்வெண்களில்தான் அவையும் வாழ்கின்றன. இரைச்சலை முற்றாக வடித்தெடுத்தால் 'பசி' என்ற சொல்லின் சகர ஒலியும் உடன் போய்விடக்கூடும். ஒரு மொழியின் உச்சரிப்பை அறிவதற்கென்றே எடுத்த பதிவில் அது எத்தனை பெரிய இழப்பு! நூலை வெட்டாமல் இழுப்பது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். ஆகையால் உலகின் ஒலிக் காப்பகங்கள் ஒரு நெறியை வைத்திருக்கின்றன. தட்டின்மேல் வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கை நீரால் கழுவலாம், கழுவவும் வேண்டும். கழுவியபின் கேட்பதை, இரைச்சலோடு, உள்ளது உள்ளபடியே ஒரு மூலப்படியாக வைக்க வேண்டும். செவிக்கு இனிமையாகத் திருத்துவதெல்லாம் அதன் நகலில்தான்.

கழுவியும் தீராத இரைச்சலுக்கு வேறு வழிகளும் உண்டு. பழைய ஊசி பள்ளத்தின் ஒரு மட்டத்தை மட்டுமே தேய்த்திருக்கும். காப்பகத்தார் பல பருமனுள்ள ஊசிகளை வைத்துக்கொண்டு, தேயாத சுவரைத் தொடும் ஊசி எது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் கார்ல் ஹேபர் இன்னொரு படி சென்றார். அணுத்துகள் ஆய்வுக்கான அளவீட்டு முறைகளைக் கொண்டு, தட்டைத் தொடாமலேயே பள்ளத்தைப் படம்பிடித்து, அப்படத்திலிருந்து ஒலியைக் கணக்கிட்டு எடுக்கும் 'ஐரீன்' என்னும் கருவியைத் தம் துணைவர்களுடன் உருவாக்கினார். ஊசியே இல்லையாதலால் மேலும் தேய்வதில்லை. விரிசல்விட்ட தட்டும் பேசும். அக்கருவிகளுள் ஒன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு வந்தது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது. 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைக்கச் செய்தது.

ஆதலால், பரணில் பெட்டி வைத்திருப்போருக்கு என் வேண்டுகோள் இதுவே. உடைந்த தட்டையும் எறியாதீர்கள். துண்டுகளைச் சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். சீட்டிலுள்ள எழுத்தையும் எண்ணையும் துடைப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் முதலில் அழிவது அதுதான். அரிதெனத் தோன்றுவதைத் தேய்ந்த ஊசியில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

கிரியர்சன் காலத்துத் தட்டுகளைக் கேட்க விரும்புவோருக்கு ஒரு துணை இருக்கிறது. சென்னை மாகாணத்துப் பதிவுகளில் சொல்லப்பட்ட பகுதிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் புத்தகமாக அச்சிட்டது. இரைச்சலில் எங்கே ஒரு சொல் மூழ்குகிறதோ, அங்கே கண் அந்த வரியைத் தொட்டால், அடுத்தமுறை ஓட்டும்போது காதும் அச்சொல்லைக் கேட்டுவிடுகிறது.